நாட்டின் முன்னேற்றத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

(தோட்டக் கிளைகளின் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் வாசகம்)



ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நம் நாட்டுப் பத்திரிகைகளில் ஒரு செய்தி கொட்டை எழுத்தில் வருகிறது. உலக நாடுகளின் பொருளாதாரப் போட்டித் திறனில் மலேசியா எத்தனையாவது இடம் என்பதே அந்தச் செய்தி. 2024ஆம் ஆண்டில் 67 நாடுகளுள் நாம் 34ஆவது இடத்தில் இருந்தோம். 2025ஆம் ஆண்டில் 69 நாடுகளுள் 23ஆவது இடத்துக்கு ஏறினோம். ஒரே ஆண்டில் பதினொரு படி! அரசாங்கம் மகிழ்ச்சி தெரிவித்தது. வர்த்தகச் சங்கங்கள் பாராட்டின.

தோட்டத்திலே இந்தச் செய்தியைப் படித்த தொழிலாளர்களிடம் இரண்டு வகைப் பேச்சைக் கேட்கிறோம். "இதெல்லாம் பெரிய மனிதர்கள் கணக்கு, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்பது ஒன்று. "எல்லாம் பொய்க் கணக்கு" என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் நாம் ஏற்கவில்லை. சம்பந்தம் உண்டு, கணக்கும் பொய்யல்ல. ஆனால் எதை நிறுத்தார்கள், எதை நிறுக்காமல் விட்டார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நாள்தோறும் நிறுவைக்கு முன்னால் நிற்கிறவர்கள் நாம். நம்மை விட அந்தக் கேள்வியைக் கேட்கத் தகுதி உள்ளவர்கள் யார்?

வாளி நிறைந்தால் போதுமா?

பால் ஸ்டோரில் என்ன நடக்கிறது என்பதை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காண்டாவில் இரண்டு வாளியைத் தூக்கி வந்து வைக்கிறோம். கிராணியார் பாலை அளக்கிறார். அதோடு விடுகிறாரா? இல்லை. மெட்ரோலாக் என்னும் மிதவைக் குழலைப் பாலில் விட்டு, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்க்கிறார். மழை பெய்த நாளில் வாளி நிறையப் பால் இருக்கும். ரப்பர் குறைவாக இருக்கும். நல்ல வெயில் காலத்தில் அரை வாளிப் பாலிலே அதை விட அதிக ரப்பர் இருக்கும். வாளியின் நிறைவு வேறு, சரக்கின் கனம் வேறு. இதை நம் பாட்டன் காலத்திலிருந்து நாம் அறிவோம்.

ஒரு நாட்டின் பொருளாதாரமும் அப்படித்தான். எத்தனை கோடி வெள்ளி முதலீடு வந்தது, ஏற்றுமதி எவ்வளவு ஏறியது, தரவரிசையில் எத்தனை படி உயர்ந்தோம் என்பதெல்லாம் வாளியின் நிறைவு. உழைக்கின்ற குடும்பத்தின் கையில் எவ்வளவு தங்கியது என்பது உலர்ந்த ரப்பர். முதலாவதை மட்டும் அளந்துவிட்டு இரண்டாவதைப் பாராமல் விட்டால், நிறுவை பாதியிலே நின்றுவிட்டது என்றுதான் பொருள்.

தரவரிசை எப்படித் தயாராகிறது?

நாம் சொன்ன இந்த வரிசையைத் தயாரிப்பது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள ஐ.எம்.டி. என்னும் வணிகக் கல்லூரி. அவர்கள் நான்கு பிரிவுகளாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்: பொருளாதார நிலை, அரசாங்கத்தின் திறமை, வணிகத்தின் திறமை, சாலை, பள்ளி, சுகாதாரம் முதலிய அடிப்படை வசதிகள். கணக்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு புள்ளிவிவரம். எஞ்சிய ஒரு பங்கு, அந்தந்த நாட்டு நிறுவன மேலாளர்களிடம் கேட்டுப் பெறும் அபிப்பிராயம்.

இதில் குற்றம் காண நாம் முற்படவில்லை. முதலீடு செய்கிறவன் எந்த நாட்டில் செய்யலாம் என்று தெரிந்துகொள்ள இது உதவும். சாலையும் துறைமுகமும் மின்சாரமும் சரியாக இருந்தால் நமக்கும் நன்மைதான். ஆனால் அபிப்பிராயம் கேட்கப்பட்டவர்கள் மேலாளர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. தோட்டம் எப்படி இருக்கிறது என்று பங்களாவில் மட்டும் கேட்டு எழுதினால், அது பங்களாவிலிருந்து தெரிந்த தோட்டம். லயத்திலிருந்து தெரியும் தோட்டத்தையும் கேட்டு எழுதினால்தான் அறிக்கை முழுமை பெறும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதே வரிசையில் 2010ஆம் ஆண்டிலேயே மலேசியா 10ஆவது இடத்தில் இருந்தது. அப்போது நாட்டில் குறைந்தபட்சச் சம்பளச் சட்டமே நடைமுறையில் இல்லை. பத்தாவது இடத்தில் இருந்த நாட்டிலே, ஒரு தொழிலாளிக்கு இதற்குக் கீழே கொடுக்கக் கூடாது என்ற எல்லைக்கோடு இல்லை. குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது 2013ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள்தான். தீபகற்பத்தில் 900 வெள்ளி. ஆகவே, இடம் உயர்ந்தால் நம் சம்பளமும் தானே உயர்ந்துவிடும் என்று எவரேனும் சொன்னால், இந்த வரலாற்றை அவருக்கு நினைவூட்டுங்கள்.

நிறுவையே கெட்டுப்போன கதை

உலக வங்கி, "தொழில் நடத்துவது எங்கே எளிது" என்று ஓர் ஆண்டறிக்கை வெளியிட்டு வந்தது. ஒரு கம்பெனியைப் பதிவு செய்ய எத்தனை நாள், மின் இணைப்புப் பெற எத்தனை நாள், வரி கட்ட எத்தனை மணி நேரம் என்றெல்லாம் எண்ணி 190 நாடுகளை வரிசைப்படுத்தினார்கள். 2020ஆம் ஆண்டுக்கான அறிக்கையில் நம் நாட்டுக்கு 12ஆவது இடம். அலுவலக வேலைகள் விரைவாக நடக்க வேண்டும் என்பதற்காக 2007ஆம் ஆண்டிலேயே பெமுடா என்னும் சிறப்புக் குழுவை நம் அரசாங்கம் அமைத்திருந்தது. ஒரு பெட்டிக்கடை லைசென்சுக்கு ஆறு கவுன்டர் அலைந்தவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அந்த அலைச்சல் குறைந்தது என்றால் அதை நன்மை என்றே சொல்லுவோம்.

ஆனால் அந்த அறிக்கையின் ஒரு பகுதியைத் தொழிலாளர் உலகம் மறக்காது. தொழிலாளரை வேலைக்கு அமர்த்துவது, நீக்குவது பற்றி அதில் ஓர் அளவுகோல் இருந்தது. ஆளை எளிதாக நீக்க முடிகிற நாட்டுக்கு அந்த அளவுகோலில் நல்ல மதிப்பெண்! நீக்குவதற்கு முன் அறிவிப்பும் இழப்பீடும் கேட்கிற நாட்டுக்குக் குறைந்த மதிப்பெண். உலகத் தொழிற்சங்கங்கள் இதைக் கண்டித்தன. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் ஆட்சேபித்தது. பிறகு அந்தப் பகுதி தரவரிசைக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது. நாம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எடுத்திருப்பார்களா என்று எண்ணிப் பாருங்கள்.

கதை அதோடு முடியவில்லை. 2018, 2020ஆம் ஆண்டுகளுக்கான அறிக்கைகளில் சில நாடுகளின் புள்ளிவிவரங்கள் முறைகேடாகத் திருத்தப்பட்டிருந்தன என்பது வெளிப்பட்டது. 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் உலக வங்கியே அந்த அறிக்கையை நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக 2024ஆம் ஆண்டு அக்டோபரில் முதன்முதலாக வேறோர் அறிக்கை வெளிவந்தது. முதலாளியின் வசதியை மட்டும் பாராமல், தொழிலாளர் பாதுகாப்பையும் அது கணக்கில் சேர்க்கிறது.

பெரிய துரை வருகிறார் என்றால் அதற்கு முந்தின நாள் லயத்துக்கு வெள்ளையடிப்பார்கள். சாக்கடையைச் சுத்தம் செய்வார்கள். அவர் போன பிறகு பழைய கதைதான். எதை அளக்கிறார்களோ அதை மட்டும் மினுக்கிக் காட்டுவது மனித சுபாவம். அரசாங்கங்களும் மனிதர்கள் நடத்துவதுதானே! ஆதலால் அளவுகோலை யார் வைத்திருக்கிறார், அதை யார் சரிபார்க்கிறார் என்பது பெரிய விஷயம்.

ஒரே நாளில் கூடிய வறுமை

நம் நாட்டிலேயே நடந்த மற்றொரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறோம். 1970ஆம் ஆண்டில் தீபகற்ப மலேசியாவில் 100 குடும்பங்களில் 49 குடும்பங்கள் வறுமையில் இருந்தன. புதிய பொருளாதாரக் கொள்கை தொடங்கிய பிறகு அந்தத் தொகை ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. அது உண்மையான சாதனை, மறுப்பவர் கிடையாது. 2016ஆம் ஆண்டில் நாட்டு வறுமை விகிதம் வெறும் 0.4 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது. அதாவது ஆயிரம் குடும்பத்துக்கு நான்கு குடும்பம்!

தோட்டத்திலும் கம்பத்திலும் புறநகரிலும் வாழ்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு வியப்பாக இருந்தது. காரணம் என்ன? வறுமைக்கோடு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி என்று வைக்கப்பட்டிருந்தது. ஒரு குடும்பம் மாதம் ஆயிரம் வெள்ளி சம்பாதித்தால் அது ஏழைக் குடும்பம் அல்ல என்று கணக்கு சொன்னது. 2019ஆம் ஆண்டில் ஐக்கிய நாட்டுச் சபையின் சிறப்புப் பிரதிநிதி பிலிப் ஆல்ஸ்டன் இங்கே வந்து பார்த்து, இந்தக் கோடு மிகத் தாழ்வானது என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்போது அதிகாரத்தில் இருந்தவர்கள் அதை மறுத்தார்கள். ஆனால் 2020ஆம் ஆண்டு ஜூலையில் கோடு 2,208 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. புதிய முறையில் கணக்கிட்டபோது 2016ஆம் ஆண்டின் 0.4 விழுக்காடு 7.6 விழுக்காடாக மாறியது.

ஒரு குடும்பமும் புதிதாக ஏழையாகவில்லை, தோழர்களே! ஏற்கனவே ஏழையாக இருந்தவர்களை எண்ணத் தொடங்கினார்கள். அவ்வளவுதான். எண்ணப்படாத ஏழைக்கு உதவி கிடைக்குமா? கிடைக்காது. ஏட்டிலே பெயர் இல்லாதவனுக்குப் பெரட்டுக்களத்தில் வேலை கிடைக்காதது போலத்தான். கோட்டைத் திருத்திய அரசாங்கத்தைப் பாராட்டுவோம். அது காலம் தாழ்த்தித் திருத்தப்பட்டது என்பதையும் சொல்லுவோம்.

ரப்பர் கற்றுத்தந்த பாடம்

போட்டித் திறன் என்ற சொல் புதிதாக இருக்கலாம். விஷயம் நமக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செயற்கை ரப்பர் சந்தையில் குவிந்தது. நம் தோட்டங்களில் நின்றவை பெரும்பாலும் கிழட்டு மரங்கள். பழைய விதை மரங்கள் ஏக்கருக்கு ஆண்டுக்கு 500 இறாத்தல் அளவில் ரப்பர் தந்தன. இந்த நிலை நீடித்தால் மலாயா ரப்பர் தோற்றுப்போகும் என்ற அச்சம் பரவியது.

அப்போது என்ன செய்தார்கள்? ஏற்றுமதி ரப்பரின் மீது தீர்வை வசூலித்து, 1952ஆம் ஆண்டில் மறுநடவு நிதியைச் சட்டப்படி அமைத்தார்கள். 1925ஆம் ஆண்டில் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் புதிய மர இனங்களை உருவாக்கியது. அவை பழைய மரங்களைப் போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பால் தந்தன. 1965ஆம் ஆண்டில் தரம் குறித்த மலேசிய ரப்பர் என்னும் முறையைக் கொண்டுவந்து, கண்ணால் பார்த்துத் தரம் பிரித்த சரக்கைப் பரிசோதனைச் சாலையில் தரம் பிரித்து விற்றார்கள். செயற்கை ரப்பரை எதிர்த்து நம் ரப்பர் நின்றது இப்படித்தான். கூலியை வெட்டி அல்ல. மரத்தையும் முறையையும் மாற்றி!

இந்த வெற்றியில் பால்வெட்டுத் தொழிலாளியின் பங்கு எவ்வளவு? புதிய மரம் பால் சொரிந்தது. ஆனால் அதிகாலையில் எழுந்து, பட்டையைக் காயப்படுத்தாமல் மெல்லிய சீவலாக வெட்டி, கூடுதல் பாரத்தைத் தோளில் சுமந்து வந்தவர் நம் தாய்மாரும் தந்தைமாரும்தான். ரப்பர் விலை இறங்கினால் அவர்கள் கூலியும் இறங்கும் காலமும் இருந்தது. ஏக்கர் உற்பத்தி எத்தனை மடங்கு ஏறியது என்று அறிக்கைகள் எழுதின. அந்த வேகத்தில் கூலி ஏறியதா என்ற கேள்வியைச் சங்கம் கேட்டது. 1954ஆம் ஆண்டில் பல சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்ததற்கு இந்தக் கேள்வியே உயிர்நாடி.

பின்னர் நடந்ததையும் பார்ப்போம். 1988ஆம் ஆண்டில் நம் நாடு 16 லட்சம் டன்னுக்கு மேல் இயற்கை ரப்பர் உற்பத்தி செய்து உலகில் முதலிடத்தில் நின்றது. 2023ஆம் ஆண்டில் அது ஏறக்குறைய மூன்றரை லட்சம் டன்னாகச் சுருங்கியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டமும் தொழிற்பேட்டையும் வந்தன. கையுறைத் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய ரப்பரைத் தாய்லாந்து முதலிய நாடுகளிலிருந்து நாம் வரவழைக்கிறோம். இதனால் நாடு ஏழையாகிவிட்டதா? இல்லை, மொத்தச் செல்வம் பெருகியது. ஆனால் தோட்டம் விற்கப்பட்டபோது லயத்தை விட்டு வெளியேறிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எங்கே போயின, அவர்களுடைய பிள்ளைகள் என்ன வேலைக்குப் போனார்கள் என்பதை எந்தத் தரவரிசையும் எண்ணவில்லை.

உழைப்பாளியின் பங்கு எவ்வளவு?

இங்கே ஒரு முக்கியமான கணக்கு வருகிறது. நாட்டில் ஓராண்டில் விளைகிற மொத்தச் செல்வத்தில் சம்பளமாகத் தொழிலாளர்களுக்குப் போவது எத்தனை பங்கு? அண்மை ஆண்டுகளில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். 2023ஆம் ஆண்டு ஜூலையில் அறிவிக்கப்பட்ட மடானி பொருளாதாரத் திட்டத்தில், இந்தப் பங்கைப் பத்தாண்டுக்குள் 45 விழுக்காடாக உயர்த்துவோம் என்று அரசாங்கமே இலக்கு வைத்திருக்கிறது. போட்டித் திறனில் உலகின் முதல் 12 நாடுகளுக்குள் வர வேண்டும் என்பதும் அதே திட்டத்தின் மற்றோர் இலக்கு. இரண்டும் ஒரே தாளில் எழுதப்பட்டவை. பத்திரிகைகள் ஓர் இலக்கைக் கொண்டாடும்போது, மற்றோர் இலக்கு எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்பது எதிர்க்கட்சி வேலை அல்ல. அரசாங்கம் கொடுத்த வாக்கை அதற்கே நினைவூட்டும் வேலை.

இந்தக் கணக்கிலும் எச்சரிக்கை வேண்டும். 2020ஆம் ஆண்டில் தொழிலாளர் பங்கு 37 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. நாம் மகிழ்ந்தோமா? அந்த ஆண்டு கொரோனா நோயினால் நாட்டின் உற்பத்தி ஐந்தரை விழுக்காட்டளவு விழுந்துவிட்டது. முழுப் பானை சுருங்கியதால் நம் அகப்பை பெரிதாகத் தெரிந்தது, சோறு கூடவில்லை. மேலும், தன் சொந்த நிலத்தில் மரம் வெட்டும் சிறுதோட்டக்காரரின் வருமானம் சம்பளக் கணக்கில் சேராது. நாட்டின் ரப்பரில் மிகப் பெரும் பகுதியைத் தருகிறவர்கள் இன்று அவர்களே. ஆகவே ஒரே ஒரு எண்ணை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. அது நமக்குச் சாதகமான எண்ணாக இருந்தாலும் சரி.

"சம்பளம் ஏறினால் போட்டியில் தோற்போம்" என்ற வாதம்

சம்பளம் கேட்கும்போதெல்லாம் முதலாளிமார் இதையே சொல்லுகிறார்கள். இதை நாம் ஏளனம் செய்துவிட்டுப் போகப்போவதில்லை. ரப்பரின் விலையை நாம் நிர்ணயிப்பதில்லை. உலகச் சந்தை நிர்ணயிக்கிறது. தோட்டம் நஷ்டத்தில் ஓடினால் மூடப்படும். மூடப்பட்டால் முதலில் வேலை இழப்பவர் நாமே. ஆதலால் தொழில் நிலைக்க வேண்டும் என்பதில் முதலாளியை விட நமக்கே அக்கறை அதிகம். அவர் பணத்தை வேறு தொழிலுக்கு மாற்றலாம். நாம் குடும்பத்தை அப்படி மாற்ற முடியாது.

ஆனால் மலிவான உழைப்பே போட்டித் திறன் என்பது தவறு. 2020ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுங்கத் துறை, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் உள்ளன என்று கூறி, மலேசியாவிலிருந்து சென்ற கையுறைகளையும் பாமாயிலையும் குறிப்பிட்ட நிறுவனங்களிடமிருந்து வாங்காமல் தடுத்தது. கடவுச்சீட்டைப் பிடுங்கி வைத்ததும், ஆள் பிடித்த செலவைத் தொழிலாளியின் கடனாக ஏற்றியதும், நெரிசலான விடுதியில் அடைத்ததும் சந்தையையே மூடவைத்தன. தொழிலாளிகளுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, நிலைமையைச் சீர்செய்த நிறுவனங்களுக்கே பிறகு தடை நீங்கியது. தொழிலாளியை நசுக்கி மிச்சம்பிடித்த காசு வட்டியும் முதலுமாகப் போயிற்று. அங்கே துன்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வேறு, நாம் வேறு என்று எண்ணாதீர்கள். நம் பாட்டனும் கப்பலேறி வந்தவரே. அவர்களுக்குக் கொடுக்கும் கூலி இறங்கினால் நம் கூலியையும் அது கீழே இழுக்கும்.

2013இல் 900 வெள்ளி வந்தபோது தொழில்கள் அழியும் என்றார்கள். 2022ஆம் ஆண்டு மே மாதம் 1,500 ஆயிற்று. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் 1,700 ஆயிற்று. அதே 2025இல்தான் போட்டித் திறன் வரிசையில் நாடு பதினொரு படி ஏறியது! சம்பளத்தால்தான் ஏறியது என்று நாம் வாதிக்கமாட்டோம், அது நியாயமல்ல. சம்பளம் ஏறியதால் நாடு இறங்கிவிடவில்லை என்று மட்டும் சொல்லுகிறோம். அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

தொழில் முனைவோர் என்பவர் யார்?

போட்டித் திறனோடு தொழில் முனைப்பு என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லுகிறார்கள். கோட்டு அணிந்து விமானத்தில் போகிறவரைத்தான் பலர் நினைக்கிறார்கள். நம் வரலாறு வேறு. 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது நம்மவர்கள் வேலையும் வீடும் இழந்தார்கள். அப்போது துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார். 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பால்வெட்டுத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. கூலிக்கு வெட்டியவர்கள் தோட்டத்தின் பங்குதாரர்கள் ஆனார்கள். இதற்கு மேல் ஒரு தொழில் முனைப்பு உண்டா?

இன்று தெக்குன் நிதியும், 1987ஆம் ஆண்டு முதல் அமானா இக்தியாரும் சிறு தொழிலுக்குக் கடன் தருகின்றன. தையல் இயந்திரம், பலகாரக் கடை, காய்கறித் தோட்டம், மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை என்று தொடங்க விரும்புகிற தாய்மாரும் இளைஞரும் நம்மிடையே உண்டு. இந்தத் திட்டங்களின் வெற்றியை எப்படி அளப்பது? இத்தனை கோடி வெள்ளி வழங்கினோம் என்று அறிவிப்பது கன்று நட்ட கணக்கு. மூன்று ஆண்டுக்குப் பின் எத்தனை கடைகள் திறந்திருக்கின்றன, எத்தனை குடும்பம் கடனை அடைத்து மீதி கண்டது என்பதே பால் கண்ட கணக்கு. நட்ட கன்றெல்லாம் மரமாவதில்லை என்பது நமக்குத் தெரியாததா?

நம்முடைய ஐந்து எடைக்கற்கள்

ஆகவே, எந்தக் கட்சி ஆண்டாலும் அதன் பொருளாதார வேலையை நிறுக்க நம்மிடம் ஐந்து எடைக்கற்கள் இருக்கட்டும்.

முதலாவது: குறைந்தபட்சச் சம்பளம் ஒரு குடும்பத்தைத் தாங்குகிறதா? 2022ஆம் ஆண்டில் நாட்டின் சராசரி வறுமைக்கோடு 2,589 வெள்ளி. அந்த ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,500. ஒருவர் மட்டும் உழைக்கும் குடும்பம் கோட்டுக்கு 1,089 வெள்ளி கீழே நின்றது.

இரண்டாவது: நாட்டுச் செல்வத்தில் உழைப்பாளியின் பங்கு 45ஐ நோக்கி நகர்கிறதா, நின்ற இடத்திலேயே நிற்கிறதா?

மூன்றாவது: வறுமைக்கோடு விலைவாசிக்கேற்ப உரிய காலத்தில் திருத்தப்படுகிறதா?

நான்காவது: கடன் பெற்ற சிறு தொழில்கள் மூன்று ஆண்டு தாண்டி நிற்கின்றனவா?

ஐந்தாவது: வேலையிடத்தில் விபத்து குறைகிறதா? 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டப்படி வீடும் தண்ணீரும் கிடைக்கின்றனவா?

கிளைகள் செய்ய வேண்டியது

பேசிவிட்டுக் கலைந்து போவதற்காக நாம் கூடவில்லை. சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளத்தை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையேனும் மறுபரிசீலனை செய்தாக வேண்டும். அதைச் செய்கிற தேசியச் சம்பள ஆலோசனை மன்றத்தில் முதலாளிகளின் பிரதிநிதிகளும் உண்டு, தொழிலாளர்களின் பிரதிநிதிகளும் உண்டு. முதலாளிகள் கட்டுக் கட்டாகக் கணக்கோடு வருவார்கள். நம் பிரதிநிதிகள் வெறும் குமுறலோடு போனால் போதுமா?

ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். மாதந்தோறும் பத்துக் குடும்பங்களின் கணக்கை அதில் எழுதுங்கள். வேலை செய்த நாள், மழையால் வெட்டாத நாள், கைக்கு வந்த சம்பளம், அரிசி, எண்ணெய், பால்மாவு, பள்ளிப் பேருந்து, மருந்து ஆகியவற்றின் செலவு. பெயர் எழுத வேண்டாம்; எண் போட்டால் போதும். கணக்கு எழுதக் கிராணிமார்கள் கைகொடுக்க வேண்டும். ஒரு காலத்தில் துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே நின்ற உங்கள் பேனா, இப்போது நம் பக்கம் எழுதட்டும். தமிழ்ப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போன நம் பிள்ளைகளும் கைகொடுக்கலாம்.

ஒரு குடும்பத்தின் கணக்கைப் புலம்பல் என்று ஒதுக்கிவிடலாம். ஐம்பது கிளைகளிலிருந்து ஐந்நூறு குடும்பங்களின் பன்னிரண்டு மாதக் கணக்கு வந்தால் அதை ஒதுக்க முடியாது. அது சாட்சியம். தொழிலாளர் பங்கு 45 விழுக்காடு என்று அரசாங்கம் வைத்த இலக்குக்குப் பக்கத்தில் நாம் அந்தச் சாட்சியத்தை வைப்போம்.

தோழர்களே! நாடு முன்னேற வேண்டும். உலக வரிசையில் 23 அல்ல, 12 அல்ல, அதற்கு மேலும் ஏறட்டும், நாமும் கைதட்டுவோம். ஆனால் நிறுவை நடக்கும்போது தொழிலாளி தராசின் அருகில் நிற்க வேண்டும். முள் எங்கே நிற்கிறது என்பதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு கிளைச் செயலாளர் கையிலும் அந்த நோட்டுப் புத்தகம் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, இந்த அளவில் உரையை முடிக்கிறோம்.